‘சொந்தக் காரணங்களுக்காக’

2009 ஆடி மாதம், மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஒரு பஞ்சு மில்லின் ஆட்களுக்காக ஒரே வாரத்தில் நாற்பத்துச் சொச்சம் ராஜினாமாக் கடிதம் டைப் அடித்தேன். பக்கத்துக்கு 15 ரூபாய். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘எனது சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’ பேர், டோக்கன் நம்பர், டிபார்ட்மென்ட், இந்த மூன்றை மட்டும் மாற்றினால் அடுத்த கடிதம் தயார். அதில் ஒன்று என் அப்பாவுடையது. அவரிடம் காசு வாங்கவில்லை என்பதைத் தவிர அந்த வாரத்தைப் பற்றி நான் சொல்லிக்கொள்ள நல்லதாக எதுவும் இல்லை.

மில்லின் பேர் வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு மில் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஹார்வி மில், கருமுத்து தியாகராசச் செட்டியாரின் மீனாட்சி மில் என்று ஆரம்பித்து ஊரைச் சுற்றிச் சின்னதும் பெரிதுமாக எத்தனையோ இருந்தன. மில்லில் நிரந்தரம் ஆனவனுக்குப் பெண் கொடுப்பது அரசாங்க உத்தியோகஸ்தனுக்குக் கொடுப்பது மாதிரி. பகல், அரை நைட், முழு நைட் என்று வீட்டு ஆண்களின் தூக்கமும் சாப்பாடும் சங்குச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த தெருக்கள் இங்கே நிறைய. அப்பா ஸ்பின்னிங்கில் சைடர். அறுந்த இழையை எடுத்து ஒட்டுவதுதான் வேலை. டிவி பார்க்கும்போதுகூட வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகத் திருகிக்கொண்டே இருக்கும், அவருக்கே தெரியாது.

2008-லிருந்தே கரண்ட் இல்லை. அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டீசல் ஜெனரேட்டர் போட்டு நூல் நூற்றால் நூல் விலைக்குக் கட்டுபடியாகாது. மெஷின்களும் அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்து மெஷின்கள். இன்னொரு பக்கம் வேடசந்தூர், ராஜபாளையம் பக்கமெல்லாம் புது மில்கள், அங்கே ஹாஸ்டலில் தங்க வைத்த சின்னப் பெண்களை வைத்துக் குறைந்த கூலிக்கு ஓட்டினார்கள் (அந்தப் பெண்கள் பட்ட பாடு தனிக் கதை). ஐம்பது வயது சைடருக்கு டி.ஏ. (பஞ்சப்படி) கொடுத்து யார் வைத்துக்கொள்வார்கள்? முதலில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை, அப்புறம் லே-ஆஃப் (வேலை கொடுக்காமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது), அப்புறம் ஒரு நாள் ஆபீசிலிருந்து ஆள் வந்து, மாசக் கடைசிக்குள் கடிதம் கொடுப்பவர்களுக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) போக 40,000 ரூபாய் அதிகம், கொடுக்காதவர்களுக்கு மில் மூடினால் எப்போது என்ன வரும் என்று சொல்ல முடியாது என்றார். மாதிரிக் கடிதமும் அவரே கொடுத்தார். அதைத்தான் எல்லோரும் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தொழிற்சங்கத்தில் வெகுகாலம் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தார். மேஜையில் கிடந்த கடிதத்தை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் படித்தார்.

“ஏத்தா, இதை யாரு அடிக்கச் சொன்னது?”

“எல்லாரும்தான் தாத்தா. மில் ஆபீஸ்ல மாதிரி குடுத்திருக்காக.”

“மில்லை மூடப்போறது அவுக. இதுல உங்கப்பனுக்கு என்னத்தா சொந்தக் காரணம்?”

அப்புறம் அதே காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கணக்கு எழுதினார். அந்தக் கணக்கை இன்றைக்கும் நான் அப்படியே போட்டுக் காட்டுவேன். அப்பாவுக்கு அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்த்து 5,200. அதை மாதத்துக்கு 26 வேலை நாள் என்று 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 200. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 28 வருட சர்வீஸ். 200 பெருக்கல் 15 பெருக்கல் 28, ஆக 84,000. இது கிராஜுவிட்டி. 1972-ஆம் வருடச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவனுக்கு ராஜினாமா செய்தாலும் உண்டு, மில் மூடினாலும் உண்டு, யாரும் தயவு பண்ணிக் கொடுப்பதில்லை. ஆனால் மில்லை மூடி ஆளை அனுப்பினால் அதற்கு நஷ்ட ஈடு தனி. தொழில் தகராறு சட்டத்தில் அதுவும் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற கணக்குதான். அதாவது கிட்டத்தட்ட இன்னொரு கிராஜுவிட்டி. அதை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் 40,000-த்தை ‘எக்ஸ்ட்ரா’ என்று சந்தோஷமாக வாங்கப் போனார்கள்.

அத்தோடு முடியவில்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் 2005 ஏப்ரலிலிருந்து ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒன்று இருக்கிறது. ஆலை மூடல், ஆட்குறைப்பு என்று தன் தப்பில்லாமல் வேலை போனவருக்கு மாதாமாதம் படி கொடுப்பார்கள், மருத்துவமும் தொடரும். அப்போது அதன் காலம் குறைவு. பிற்பாடு 24 மாதம் வரை நீட்டி, முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் சம்பளம் என்று ஆனது. மூடிய ஜவுளி ஆலைத் தொழிலாளருக்கென்றே 1986-இல் மத்திய அரசு தொடங்கிய மறுவாழ்வு நிதித் திட்டம் ஒன்றும் இருந்தது, 2017-இல் அதை இந்த இ.எஸ்.ஐ. திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். இவை எதுவுமே தானாக வேலையை விட்டவனுக்குக் கிடையாது. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று நான் அடித்த இரண்டு வார்த்தை, இந்தக் கதவுகள் எல்லாவற்றையும் சாத்திவிடும் என்று எனக்கு மட்டும் இல்லை, கையெழுத்துப் போட்ட யாருக்குமே தெரியாது.

தாத்தா இன்னொன்றும் சொன்னார், அதுதான் அன்றைக்கு உபயோகப்பட்டது. ராஜினாமாவை நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும் முன்பே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். கடைசி இரண்டு நாளில் கடிதம் கொடுத்த ஒன்பது பேருக்கு இன்னும் பதில் வரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். ஏழு பேர் சம்மதித்தார்கள். ‘நிர்ப்பந்தத்தின் பேரில் கொடுத்த கடிதம், ஏற்கப்படும் முன் திரும்பப் பெறுகிறேன்’ என்று ஏழு கடிதம் அடித்து, காலையில் பெரிய தபாலாபீஸ் திறந்ததும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டோம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, வாங்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பது தாத்தாவின் அனுபவம். (இப்போது பதிவுத் தபாலையே ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் தபாலில் போட்டதற்கு ரசீது ரசீதுதான்.)

அப்பாவின் கடிதம் முதல் நாளே போயிருந்தது, ஏற்பும் கையில் வந்துவிட்டது. வராமல் இருந்தாலும் அவர் திரும்பப் பெற்றிருப்பாரா என்பது சந்தேகம். “விடும்மா, குடுத்தது குடுத்ததுதான். செக்கு வந்தா மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கணும்ல” என்றார். தங்கச்சி கல்யாணம் ஆவணியில்.

அந்த ஏழு பேருக்கும் தங்க மழை பெய்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தொழிலாளர் துறையில் பேச்சுவார்த்தை, தேதி மேல் தேதி, 14 மாதம் ஆயிற்று. வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் நடுவில் எங்களைத் திட்டிக்கூட இருக்கிறார்கள், பேசாமல் நாற்பதை வாங்கியிருக்கலாம் என்று. கடைசியில் மூடல் என்று எழுத்தில் வந்து, நஷ்ட ஈடும் வந்து, இ.எஸ்.ஐ. படியும் வந்தபோது வாங்கிய கடனுக்கு வட்டி போகக் கொஞ்சம் மிஞ்சியது, அவ்வளவுதான். ஒருவர் பணம் வரும் முன்பே இறந்துபோனார். மில் ரிக்கார்டில் அவர் நாமினியாகக் கொடுத்திருந்தது அவருடைய அம்மாவை, அந்த அம்மா போய்ப் பத்து வருடம் இருக்கும். பெண்டாட்டி பேர் எங்கேயும் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு அந்த அக்காவோடு நான்தான் நடந்தேன், மாதக்கணக்கில். பி.எஃப்.பில் பத்து வருட சர்வீஸ் தாண்டியிருந்ததால் விதவைப் பென்ஷன் கிடைத்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.

அதற்கப்புறம் எங்கள் கடை கிட்டத்தட்ட மில் ஆட்களின் ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது. தெரியாமல் அடித்துக் கொடுத்த பாவத்துக்குப் பரிகாரம் என்று ஆரம்பித்தேன், அப்புறம் அதுவே பழகிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. மில் மட்டும் இல்லை, செல்லூர்ப் பக்கம் தறியை விட்டவர்கள், பிரஸ் மூடியதில் வேலை போன பைண்டர், இப்படிப் பலரும் வந்திருக்கிறார்கள். இதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது ஆகும்.

வேலை போன வீட்டுக்குப் போனதும் யோசனை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். கடை போடு, ஆட்டோ வாங்கு, ஆடு வளர் என்று சொல்ல ஊரே வரும். நீங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு போங்கள். மில்லில் என்ன பேர், ரேஷன் கார்டில் என்ன பேர், அப்பா பேர் இரண்டிலும் ஒன்றுதானா, பிறந்த தேதி எதில் என்ன இருக்கிறது, எந்தத் தேதி சேர்ந்தது, பதிலியாக (நிரந்தர ஆள் வராத நாளில் மாற்று ஆளாக) எத்தனை வருடம், நிரந்தரம் ஆனது எப்போது, பி.எஃப். நம்பர், இ.எஸ்.ஐ. நம்பர், நாமினி யார். இதை எழுதும்போது வீட்டம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். ஆம்பளைக்கு டோக்கன் நம்பர் மட்டும்தான் தெரியும், பழைய சம்பளச் சீட்டு டிரங்குப் பெட்டியில் எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

பேர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆளைக் கொன்றுவிடும். மில்லில் சேரும்போது கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். அங்கே பாண்டி, ரேஷன் கார்டில் பாண்டியராஜன், பிற்பாடு வந்த ஆதாரில் பாண்டியராஜ். வயது இன்னும் மோசம். வைண்டிங்கில் (நூலைக் கோனில் சுற்றும் பிரிவு) இருந்த சித்தி ஒருத்திக்கு மில் டாக்டர் பல்லைப் பார்த்து வயது போட்டாராம், சித்தியே சிரித்துக்கொண்டு சொல்லும். அந்த ஆறு வயது வித்தியாசத்தைத் திருத்த முதலாளி தரப்பும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் வேண்டும். மில் ஓடிக்கொண்டிருக்கும்போது அரை நாள் வேலை. மூடியபின் கையெழுத்துப் போட ஆள் எங்கே? பி.எஃப். படிவத்தில் முதலாளி கையெழுத்துக்குப் பதிலாக வங்கி மேனேஜர், கெசட்டட் அதிகாரி மாதிரியானவர்கள் சான்றொப்பம் இடலாம், வழி இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஆளுக்கு எந்த மேனேஜர் சட்டென்று போடுவார்? ஒரு வங்கிக்கு நாலு தடவை நடந்தோம். நாலாம் தடவை அந்த மேனேஜரே சலித்துப்போய், “உங்க அப்பாவும் மில்லாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போட்டுக் கொடுத்தார். ஆகவே ஆலை தள்ளாடுகிறது என்று தெரிந்த அன்றைக்கே, கேட் திறந்திருக்கும்போதே, பேரையும் தேதியையும் நாமினியையும் சரிசெய்துவிடுங்கள்.

பதிலியாக ஓட்டிய வருடங்களுக்கு எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. வருடத்துக்கு 240 நாள் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி இருந்தால் பேசலாம். அப்பாவுக்கு மூன்று வருடம் அப்படிப் போயிற்று.

கிராஜுவிட்டி முப்பது நாளுக்குள் வரவேண்டும். தாமதமானால் வட்டி உண்டு. வராவிட்டால் தொழிலாளர் துறையில் அதற்கென்றே இருக்கும் அதிகாரியிடம் மனுப்போடலாம், வக்கீல் இல்லாமலே. சர்வீசில் கடைசி வருடம் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு வருடமாகச் சேர்க்க வேண்டும், இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டு அனுப்பிய சீட்டை நானே பார்த்திருக்கிறேன். ‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று இங்கிலீஷில் ஒரு காகிதம் நீட்டுவார்கள். அதைக் கையெழுத்துப் போடும் முன்பு யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். படிக்காமல் போட்டே ஆகவேண்டும் என்று அவசரப்படுத்தினால் அதில் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம்.

பென்ஷன் விஷயத்தில் பதற்றம்தான் எதிரி. 1995 நவம்பரில் வந்த பென்ஷன் திட்டத்தில் பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன். ஐம்பது வயதிலேயே கேட்டாலும் தருவார்கள், ஆனால் 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ வருடத்துக்கு 4 சதவீதம் பிடித்தம், அதுவும் ஆயுசு முழுக்க. மில் மூடிய புதிதில் ‘ரெண்டு மாசத்துல பென்ஷன் வாங்கித் தாரேன்’ என்று ஐந்தாயிரம் ரூபாய் கமிஷனுக்கு ஒரு ஆள் தெருவில் திரிந்தான். அப்பாவுக்கு அப்போது 51. அவர் கணக்கு என்னவென்றால், 1995-க்கு அப்புறம் 14 வருடம், சம்பளம் 5,200, இரண்டையும் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,040. பழைய சர்வீசுக்கு ஒரு சிறு தொகை தனியாகச் சேரும். இந்தச் சின்னத் தொகையில் ஏழு வருடப் பிடித்தம் போனால் மிஞ்சுவது என்ன? இதை நாலைந்து தடவை எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் அந்த ஆளைப் பார்ப்பதை நிறுத்தினார். 58 ஆன பிறகு 10-டி படிவம் கொடுத்து முழுதாக வாங்குகிறார். 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாய், அது இன்றைக்கு எதற்குக் காணும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐம்பதுக்குக் கீழே இருக்கிறவர்கள் 10-சி படிவத்தில் ஸ்கீம் சர்டிபிகேட் (இதுவரை உள்ள சர்வீசுக்கான சான்றிதழ்) வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த வேலையில் பி.எஃப். இருந்தால் அந்த சர்வீசும் இதோடு சேரும்.

மருத்துவத்தில் ஒரு விசித்திரம். இ.எஸ்.ஐ.யில் ஐந்து வருடம் இருந்தவர் வயது முதிர்ந்து ஓய்வு பெற்றாலோ விருப்ப ஓய்வில் போனாலோ, வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவம் தொடரும். ஆம், 120 ரூபாய்தான். எங்கள் ஆட்களின் கடிதத்தில் விருப்ப ஓய்வு என்றிருந்தால் இதையாவது கேட்டிருக்கலாம். ராஜினாமா என்று இருந்தது. அப்பாவுக்கு வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் நாளில் எல்லாம் நெஞ்சு இறுகும், இருமுவார், இரண்டு நாளில் சரியாகிவிடும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் ஆரம்ப அடையாளமே அதுதான், பிஸினோசிஸ் என்று அதற்குப் பேரும் உண்டு, தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தபோது வேலையை விட்டு ஆறு வருடம். வேலையில் இருந்தபோதே தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்டி எழுதி வாங்கியிருக்க வேண்டும். மில்லில் யாரும் அதை நோய் என்றே நினைக்கவில்லை, மில்லுக்காரனுக்கு இருமல் வராதா என்பார்கள்.

இனி பணம். செக் வந்த மாதத்தில் எங்கள் பக்கம் நாலு ஷேர் ஆட்டோ புதிதாக ஓடியது. நாலும் மில் ஆட்கள். ஒரே ரூட்டில் முன்னால் ஒன்று போக, பின்னால் ஒன்று காலியாகப் போகும். இரண்டு வருடத்தில் மூன்று விற்றுப்போயின. மச்சினன், மருமகன், ஏலச்சீட்டு நடத்துகிறவர் என்று வந்து கேட்டவர்களுக்குப் போனது போக, மீதி கல்யாணத்தில் போயிற்று. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. தங்கச்சி நன்றாக இருக்கிறாள். ஆனாலும் இப்போது என்னிடம் வருகிறவர்களிடம், முதல் ஆறு மாதம் பணத்தைத் தபாலாபீசிலோ வங்கியிலோ இரண்டு பேர் பேரில் போட்டுவிட்டு, யார் கேட்டாலும் ‘இன்னும் வரல’ என்று பொய் சொல்லச் சொல்கிறேன். சிலர் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த வேலை என்று பார்த்தால், ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் தப்பித்துக்கொண்டார்கள். ஃபிட்டர் மாமா ஒரே மாதத்தில் கப்பலூர் சிட்கோவில் சேர்ந்துவிட்டார், சம்பளம்கூட அதிகம். சைடருக்கும், நூல் நிறைந்த பாபினைக் கழற்றி மாற்றும் டாஃபருக்கும்தான் வெளியில் அதே வேலை எங்கேயும் இல்லை. அவர்களை ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்பியதையும் பார்த்தேன், சான்றிதழ் வாங்கி வந்து என் கடையிலேயே லேமினேட் பண்ணினார்கள், அத்தோடு சரி. கைக்குத் தெரிந்ததை ஒட்டியே அடுத்ததைத் தேட வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தது கார்டிங்கில் (பஞ்சைச் சிக்கெடுக்கும் பிரிவு) இருந்த பெரியப்பா ஒருவர். அவருக்குப் பஞ்சைக் கையில் எடுத்து இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாலே தரம் தெரியும். மில்லில் கழித்துப்போடும் பஞ்சில் எது மெத்தைக்கு ஆகும், எது விளக்குத் திரிக்கு ஆகும், எது எதற்கும் ஆகாது என்று பிரித்துவிடுவார். முதலில் சைக்கிளில் மூட்டை கட்டிப் போய் மெத்தை தைப்பவர்களுக்கு விற்றார், அப்புறம் திருமங்கலம் பக்கம் சொந்த ஊரில் தானே மெத்தை, தலையணை போட ஆரம்பித்தார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடனுக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பினேன். அதில் மேல் வயது வரம்பு இல்லை, 10 லட்சத்துக்குள்ளான உற்பத்தித் தொழிலுக்கு எட்டாம் வகுப்பு பாஸ் என்ற நிபந்தனையும் இல்லை. பெரியப்பா படித்தது அஞ்சாம் கிளாஸ். மானியம் உடனே கையில் வராது, மூன்று வருடம் வங்கியிலேயே கிடக்கும், அதற்கப்புறம்தான் கடனில் கழிப்பார்கள், இதைச் சொல்லாமல் விட்டால் சண்டை வரும். மாநில அரசின் இதே மாதிரித் திட்டத்தில் வயது வரம்பு உண்டு, நம் ஆட்கள் பாதிப் பேர் அங்கேயே கழிந்துவிடுவார்கள். எந்த வாரியத்திலும் இல்லாமல் கூலி வேலைக்குப் போகிறவர்களை அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள், 60 வயதுக்கு முன்பே பதிய வேண்டும், அதற்கப்புறம் போனால் எடுக்க மாட்டார்கள்.

பெண்கள் சீக்கிரம் எழுந்துகொண்டார்கள். வைண்டிங் சித்தி மறுவாரமே பூக்கட்ட உட்கார்ந்துவிட்டது. கோனில் முடிச்சுப் போட்ட வேகம், மல்லிகை நாருக்கும் சரியாக வந்தது.

அப்பா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஆறு மாதம் வீட்டில் இருந்தார். பகலில் தூங்குவார், ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இருபத்தெட்டு வருட முழு நைட் உடம்பை விட்டுப் போகவில்லை. கடைசியில் பைபாஸ் ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு வாட்ச்மேனாகப் போனார். மற்ற வாட்ச்மேன்கள் எல்லாம் பன்னிரண்டு மணிக்குச் சாய்ந்துவிடுவார்களாம், இவர் விடியும் வரை கண்ணைத் திறந்தபடி இருப்பதைப் பார்த்து அந்தச் சங்கத்துச் செயலாளர் சம்பளத்தை 500 ரூபாய் கூட்டினார். மில் கற்றுக்கொடுத்ததில் வெளியே விலைபோனது அது ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் ‘வாட்ச்மேன்’ என்று கூப்பிடுவதுதான் முதலில் அவருக்கு உறுத்தியது. மில்லில் சைடர் என்றால் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட யோசிப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுதான் இப்போது அவருக்கு வாட்சப்பில் போட்டோ அனுப்பக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

சட்டம் இப்போது மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன, தாத்தா மனப்பாடமாகச் சொன்ன பிரிவு எண்கள் எல்லாம் பழசாகிவிட்டன. முன்பு 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையை மூட அரசு அனுமதி வேண்டும், இப்போது 300. இதில் தொழிலாளிக்குக் கிடைத்த ஒன்று, ஆட்குறைப்பில் போகிறவருக்குக் கடைசிச் சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி மறுபயிற்சி நிதியில் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும் என்பது. கவனியுங்கள், இதுவும் ஆட்குறைப்பு என்று எழுதினால்தான்.

போன மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தான், இருபத்தெட்டு வயது இருக்கும், கழுத்தில் இன்னும் கம்பெனி அடையாள அட்டை. போனில் வந்திருந்த ஒரு கடிதத்தைப் பிரிண்ட் போடச் சொன்னான். டிபார்ட்மென்டையே மூடுகிறார்களாம். திறந்து பார்த்தேன். இங்கிலீஷில் இருந்தது, ஆனால் அதே வாசகம்தான், சொந்தக் காரணங்களுக்காக.

“கையெழுத்துப் போட்டுட்டியா தம்பி?”

“இன்னும் இல்லக்கா. பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.”

மணி மூன்றரை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். சம்பளச் சீட்டு இருக்கா, எந்தத் தேதி சேர்ந்த என்று கேட்டுக்கொண்டே நோட்டை எடுத்தேன். தெரியலக்கா, பார்க்கணும் என்று சொல்லி வீட்டுக்குப் போன் போட்டான்.